அண்ணைக்கு விழுந்த கடைசிச் சீட்டு

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணியானால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வருத்தம் இருக்காது. மற்ற நாளெல்லாம் முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று கதவுக்குக் கதவு முனகல்தான். வியாழன் மூன்று மணிக்கு மட்டும் தடி ஊன்றினவர், தள்ளுவண்டி பிடித்தவர், காதுக்குள் மெசின் மாட்டினவர் எல்லாரும் லிப்ட் வாசலில் இடிபட்டுக்கொண்டு நிற்பார்கள். கீழே மண்டபத்தில் கேள்வி விளையாட்டு. பிந்திப் போனால் யன்னலோர மேசை போய்விடும்.

மொன்றியல் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேசில் வயதானவர்களுக்கென்று கட்டின நாலு மாடி வீடு அது. அறுபது பேர் இருந்தார்கள். அதில் தமிழர் இரண்டே இரண்டு பேர்: மூன்றாம் மாடியில் தியாகராசா, இரண்டாம் மாடியில் கிறகரி.

தியாகராசாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஊரில் தலைமன்னார் ரயில் பாதையில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். சேட்டின் மேல் பட்டன்வரை பூட்டாமல் அறையை விட்டு வெளியே வரமாட்டார். கிறகரிக்கு எழுபது. முருங்கன்காரர். மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்று, ஈரத்திலும் குளிரிலும் விரல்கள் வளைந்துபோனவர். தியாகராசா அண்ணை கொடி காட்டி அனுப்பின வண்டியில் கிறகரி எத்தனையோ தரம் ஏறியிருக்கிறார், பாதி நாள் ரிக்கற் இல்லாமல். "அப்ப நீ எனக்குக் கள்ளன்" என்று அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

விளையாட்டுக்கு இரண்டு பேர் ஒரு சோடி. மேசைக்கு ஒரு மணி. மணியை அடித்தவர்தான் விடை சொல்லவேண்டும். நடத்துகிறவள் ஜினெற் என்ற கெபெக்காரி. வாய் நிறையச் சிரிப்பும் வகுப்பறை ஒழுங்கும் உள்ள பெண். அவள் தியாகராசாவை 'ஸ்ரேசன் மாஸ்ரர்' என்று பிரெஞ்சில் கூப்பிடுவாள். அவர் எழும்பி நின்று, தொண்டையைச் செருமி, வண்டி வருகிறதை அறிவிக்கிற அதே குரலில் ஆங்கிலத்தில் விடை சொல்வார். எல்லாரும் கை தட்டுவார்கள். கிறகரி பக்கத்தில் இருந்து தலையை ஆட்டுவார்.

முதலில் எல்லா விடையும் அண்ணையுடையதாகத்தான் இருந்தது. போன மாசி மாதத்தில் இருந்து அது மாறிவிட்டது. காலமையில் அவர் பழைய தியாகராசாதான். வெயில் சாயத் தொடங்கினால் மூளைக்குள் யாரோ ஒவ்வொரு விளக்காய் அணைத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். ஜினெற் கேட்ட கேள்வியை அழகாகத் திருப்பிச் சொல்வார், சொல்லி முடியக் கேள்வி அவரிடம் இருக்காது. ஒரு நாள் மணிக்கு மேலே கையை வைத்தபடி வெறுமையாகக் கிறகரியைப் பார்த்தார். கிறகரிக்கு விடை தெரியும். தொழிற்சாலையில் பதினைந்து வருடமும் தலைக்கு மேலே பிரெஞ்சு வானொலி பாடிக்கொண்டிருந்தது. கை கோழியில் இருக்கக் காது சும்மா இருக்குமா? ஆனால் அண்ணைக்கு எடுத்துக்கொடுத்ததாகவும் தெரியக்கூடாது. ஆகவே கேட்கிறமாதிரிக் கேட்டார்.

"ஆடி மாதமாய் இருக்குமோ, அண்ணை?"

"வேறை என்ன!" என்று அண்ணை மணியை அடித்தார். "ஜூலை, மடம்!"

பூமி சூரியனை விட்டு ஆகத் தூரம் போகிற மாதம் எது என்பதுதான் கேள்வி. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கிறகரி தமிழில் சந்தேகம் கேட்பார், தியாகராசா ஆங்கிலத்தில் உறுதி சொல்வார். பக்கத்து மேசை மதாம் திபோ மட்டும் ஒரு நாள், "நீ உன்ரை சிநேகிதரோடை இவ்வளவு கதைக்கிறாய், ஏன் ஒரு நாளும் விடை சொல்லுறேல்லை?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும், மதாம்" என்று கிறகரி சொல்லிவிட்டார்.

ஆனி இருபத்துமூன்றாம் திகதி, கெபெக் மாகாணத்தின் சென்-ஜான் திருநாளுக்கு முதல் நாள், வருடாவருடம் பெரிய விளையாட்டு நடக்கும். பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் வருவார்கள். பின்வளவில் இரும்புப் பீப்பாயைப் பாதியாய் வெட்டி நெருப்பு மூட்டுவார்கள். அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறு, அது வெள்ளிக்கிழமை விழுந்தது. அதற்கு மூன்று நாள் முதல் காலமை, கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் அண்ணை கிறகரியின் கையைப் பிடித்தார்.

"ஞானம் ரொறொன்ரோவிலை இருந்து வாறான்."

ஞானேந்திரன் அவருடைய ஒரே மகன்.

"நல்லதுதானே, அண்ணை."

"என்ன நல்லது! அடுப்பை நிப்பாட்டாமல் விட்டிட்டனெண்டு ஒப்பிஸிலை இருந்து அவனுக்குப் போன் அடிச்சுப்போட்டாங்கள். வந்து என்னைப் பாக்கப்போறானாம். நான் சரியாய் இருந்தால் விட்டிட்டுப் போவான். இல்லாட்டி முதலாம் திகதி ஸ்காபரோவிலை ஒரு இடத்துக்குக் கொண்டுபோறானாம். கதவுக்கு நம்பர் பூட்டுப் போட்ட இடம்."

அண்ணை காய்ந்த சேட்டு ஒன்றை எடுத்து உதறி, மேல் பட்டனைப் பூட்டினார்.

"இஞ்சை எனக்கு ஒரு மேசை இருக்கு, கிறகரி. அந்தப் பெட்டை என்னை ஸ்ரேசன் மாஸ்ரர் எண்டு கூப்பிடுறாள். அங்கை போனால் நான் ஒரு கட்டில் நம்பர். வெள்ளிக்கிழமை ஒருக்கால் என்னைக் கைவிட்டிடாதை."

அப்போதுதான் கிறகரிக்குத் தெரிந்தது, அண்ணைக்கு எல்லாம் தெரியும் என்று. "அது என்ன கதை, அண்ணை? நான் பக்கத்திலைதானே இருப்பன்" என்றார்.

சொன்னதை மனதாரத்தான் சொன்னார். ஆனால் அதே வெள்ளிக்கிழமைக்கு அவர் மனதுக்குள் இன்னொரு ஆசையும் கிடந்தது.

அவருடைய மகள் ஜென்சி ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள், ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. பன்னிரண்டு வயதில் இருந்து தகப்பனுடைய படிவங்களை எல்லாம் நிரப்பினவள் அவள்தான். கிறகரியின் கையெழுத்தே ஜென்சி கடதாசியில் வரைந்து, "இப்பிடியே கீறுங்கோ அப்பா" என்று பழக்கினதுதான். ஒப்பிசுகளில் மேசைக்கு அங்காலே இருந்தவர்களிடம், "அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது" என்று பிரெஞ்சில் சொல்லுவாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனாலும் ஒவ்வொரு தரமும் கிறகரி தன் சப்பாத்தைத்தான் பார்ப்பார்.

தொழிற்சாலை மூடினபிறகு, அறுபத்துமூன்று வயதில், அவர் எழுத்துப் படிக்கப் போனார். முதன்முதல் அவர் கைக்கு வந்த எழுத்து பிரெஞ்சு எழுத்து. தமிழ் எழுத்து இன்னும் வரவில்லை. ஏழு வருடம் விரலை வைத்து வைத்து, இப்போது பேப்பர் வாசிப்பார். ஜென்சிக்கு இது தெரியாது. வகுப்புக்குப் போகிறார் என்று தெரியும், பொழுதுபோக்காகப் போகிறார் என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் நாலு பேருக்கு முன்னால் வாசித்துக் காட்டவேண்டும் என்று கிறகரி அதைப் பொத்திப்பொத்தி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் முழுக்க நீலமும் வெள்ளையுமாய்ப் பேப்பர் கொடி. ஸ்ரோபெரிக் கேக் வாசம். கதிரை காணாமல் பேரப்பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். ஞானேந்திரன் தகப்பனுக்குப் பின்னால் நின்று சின்னக் கமெராவில் படம் பிடித்தான். ஜென்சியும் புருசன் றொக்சனும் பிந்தி வந்து சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

விளையாட்டு நன்றாகவே போனது. முந்தின காலத்துச் சென்-ஜான் ஊர்வலத்தில் சுருட்டைமுடிப் பொடியனோடு போன மிருகம் எது என்று ஜினெற் கேட்டாள்.

"ஆட்டுக்குட்டியோ, அண்ணை?" கிறகரி காதுக்குள் கேட்டார்.

"சொல்லவேணுமே!" என்று மணி அடித்தார் அண்ணை.

பகல் ஆக நீண்ட நாளில் மொன்றியலில் வெயில் எத்தனை மணித்தியாலம், நெருப்பைச் சுற்றி ஆடுகிற பழக்கம் எதற்காக வந்தது — கிறகரி கேட்கக் கேட்க அண்ணை அறிவித்துக்கொண்டே போனார். ஞானேந்திரனுடைய முகம் இளகிக்கொண்டு வந்தது. அவன் குனிந்து, "அப்பா, என்னைவிட உங்களுக்குத்தான் ஞாபகம் கூட" என்றான். அண்ணை மேசைக்குக் கீழே கிறகரியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த நேரம்தான் பின்னால் றொக்சன் ஜென்சியிடம் ஏதோ கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள்: "அப்பாவோ? அவர் சும்மா துணைக்கு இருக்கிறார். மணிக்குக் காவல்."

பகிடிதான். வேறு நாளென்றால் கிறகரியும் சிரித்திருப்பார். அன்று அது நெஞ்சுக்குள் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டு நின்றது.

கடைசிச் சுற்றுக்கு மணி இல்லை. ஜினெற் வைக்கோல் தொப்பி ஒன்றைக் கொண்டுவருவாள். சோடியில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, தானே வாசித்து, தானே விடை சொல்லவேண்டும். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. இரண்டு சீட்டையும் அண்ணையே எடுப்பது அந்த மேசையின் வழக்கம், ஜினெற்றும் கண்டும் காணாமல் விடுவாள். அன்று தொப்பி வந்தபோது கிறகரியின் கை முந்திவிட்டது.

அண்ணை திரும்பிப் பார்த்தார். கிறகரி அவரைப் பார்க்கவில்லை. எழும்பி நின்று, விரலை முதல் எழுத்தில் வைத்து, பிரெஞ்சில் வாசிக்கத் தொடங்கினார். ஒரு சொல்லில் தடக்கினார், திரும்பிப் போய் அதைச் சரியாக வாசித்தார். "திருச்சபை பிறந்தநாளைக் கொண்டாடுவது மூன்று பேருக்கு மட்டும். ஒருவர் இயேசு, ஒருவர் மரியாள். மூன்றாமவர் யார்?"

அது அவருக்கென்றே எழுதின கேள்விபோல இருந்தது. ஊர்க் கோயில் பிரசங்கத்தில் சின்ன வயதில் கேட்டது: மற்ற எல்லாப் புனிதருக்கும் செத்த நாள்தான் திருநாள், ஸ்நாபக அருளப்பருக்கு, இங்கத்தையவர்களின் சென்-ஜானுக்கு, மட்டும் பிறந்த நாள்.

"சென்-ஜான்-பப்ரிஸ்ற்" என்றார்.

மதாம் திபோதான் முதலில் கை தட்டினாள். பிறகு முழு மண்டபமும். ஜென்சி ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து பின்னாலிருந்து தகப்பனுடைய கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா, எப்ப பழகினனீங்கள்? எனக்கு ஏன் சொல்லேல்லை? அப்பா!" அவளுடைய கண்ணீர் அவர் காதடியில் சூடாய் விழுந்தது.

மற்றச் சீட்டு அண்ணையுடையது.

அவர் எழும்பி, பட்டனைத் தடவிப் பார்த்து, ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தார். "நாளைக்கு நாங்கள் கொண்டாடப்போகிற திருநாள் யாருடையது?"

சில பேர் சிரித்தார்கள். விடையை இப்போதுதானே கிறகரி சொன்னார்! ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். கிறகரிக்குக் கேள்வி கேட்டது. அண்ணை தன் பக்கம் திரும்புகிறார் என்பது பாராமலே தெரிந்தது. ஒரு சொல் போதும். 'அருளப்பரோ, அண்ணை?' மகளின் கைக்குள் இருந்தபடியே தலையைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். லேசான கேள்வி, அவர் தானே சொல்லிவிடுவார் என்று நினைத்தார். அது பாதி உண்மை. இந்த ஒரு நிமிசமாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தது மற்றப் பாதி. அவர் திரும்பவில்லை.

அண்ணை பொறுத்துப் பார்த்தார். வாசல், யன்னல், கொடிகள் என்று எல்லா இடமும் பார்த்தார். பிறகு குனிந்து, அடிக்கத் தேவையில்லாத மணியை அடித்து, தமிழில் அறிவித்தார்:

"தலைமன்னார் செல்லும் வண்டி இன்னும் சொற்ப நேரத்தில் இரண்டாம் மேடைக்கு வரும். பயணிகள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்."

அந்த மண்டபத்தில் அது விளங்கினவர்கள் அவரைத் தவிர நாலு பேர்: கிறகரி, ஞானேந்திரன், ஜென்சி, றொக்சன். மற்றவர்களுக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் தன் பாஷையில் கம்பீரமாக ஏதோ சொல்கிறார். ஜினெற் சிரித்தபடி கிறகரியைப் பார்த்து, "என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"சென்-ஜான் எண்டு சொன்னவர்" என்றார் கிறகரி.

ஜினெற் இரண்டு கையையும் உயர்த்தினாள். அந்த மேசைதான் வெற்றி. மண்டபம் ஆரவாரித்தது. யாரோ ஒரு கூடை ஸ்ரோபெரியைக் கொண்டுவந்து அண்ணையின் கையில் கொடுத்தார்கள். அவர் தலை குனிந்து வாங்கினார். ஞானேந்திரன் கமெராவை இறக்கிவிட்டுக் கிறகரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆறு மணிக்குப் பின்வளவில் பீப்பாய் நெருப்பைச் சுற்றிக் கதிரை போட்டார்கள். வெயில் இன்னும் உச்சிமாதிரி எறித்தது, நெருப்பு இருந்ததே தெரியவில்லை. ஞானேந்திரன் கிறகரியை வேலி ஓரம் கூட்டிக்கொண்டு போனான்.

"அங்கிள், எப்ப இருந்து அப்பாவுக்கு நீங்கள் சொல்லிக் குடுக்கிறியள்?"

"அப்பிடியொண்டும் இல்லைத் தம்பி. அவர் களைச்சுப்போனார். இண்டைக்குச் சனமும் கூட..."

"அங்கிள்."

கிறகரி வேலிக் கம்பியைப் பிடித்தார். "மாசியிலை இருந்து."

அவன் மூச்சை இழுத்துவிட்டான். கோபம் வரும் என்று கிறகரி எதிர்பார்த்தார். "தாங்க்ஸ் அங்கிள். கெட்டித்தனமாய்த்தான் மறைச்சிருக்கிறியள். இண்டைக்கு மட்டும் நீங்கள் எழும்பி வாசிக்காட்டி, நான் நிம்மதியாய்த் திரும்பிப் போயிருப்பன். பேந்து ஒரு நாள் அடுப்பு எரிஞ்சிருக்கும்."

அவன் சொன்னது நியாயம். எந்தப் பக்கத்தாலே பார்த்தாலும் நியாயம். அதுதான் கிறகரிக்கு ஆகப் பெரிய வேதனையாக இருந்தது. அண்ணையின் நன்மைக்கென்று யோசித்து அவர் அன்று வாயை மூடியிருந்தால், இப்போது தலையை நிமிர்த்தலாம். அவர் யோசித்தது தன்னைப் பற்றி.

ஜென்சி அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். கார்டெரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். தானாய் மன்னிப்பும் கேட்டாள், "நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான் அப்பா" என்று. "பரவாயில்லை பிள்ளை" என்றார். எவ்வளவு வருடம் காத்திருந்த சந்தோசம்! வாயில் வைத்தால் ருசியில்லாமல் கிடந்தது.

ஆடி முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். தெரு முழுக்க லொறி, நடைபாதை முழுக்கச் சோபா, மெத்தை, குளிர்ப்பெட்டி. கிறகரி காலமை எட்டு மணிக்கே மூன்றாம் மாடிக்குப் போனார். அண்ணையிடம் சொல்லவேண்டும், காலமையில்தான் சொல்லவேண்டும் என்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தவர்.

அண்ணை கட்டிலில் நேராக இருந்தார். கண் தெளிவாக இருந்தது.

"கிறகரி, அண்டைக்கு நான் என்னத்தைப் பிழை விட்டனான்? கேட்டால் ஞானம் சொல்லுறானில்லை."

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அண்ணை. நாங்கள் எல்லோ வெண்டது."

"அப்ப ஏன் என்னைக் கொண்டுபோறான்?"

வாய்க்குள் வந்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும் அண்ணை, நான்தான் திரும்பேல்லை. இவ்வளவுதான் சொல்லவேண்டும். அந்த நேரம் ஞானேந்திரன் பெட்டி ஒன்றோடு உள்ளே வந்தான். "விடுங்கோ தம்பி, அது பாரம்" என்று கிறகரி அதை வாங்கித் தோளில் வைத்தார். கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சொல்வோம் என்று நினைத்தார். வந்தபோது இன்னொரு பெட்டி இருந்தது. பிறகு மேசை, பிறகு புத்தகங்கள். மகன் கடைக்குப் போன நேரம்கூட ஒன்று கிடைத்தது. அந்த நேரம் கிறகரி லிப்டுக்குள் நின்றுகொண்டு, கட்டின பெட்டியையே திரும்பக் கயிறு போட்டுக் கட்டினார்.

எல்லாம் ஏற்றி முடிய இரண்டு மணி ஆகிவிட்டது. உதைபந்தாட்டத்தில் போர்த்துக்கல் வென்றுவிட்டதென்று தெருவில் கார்கள் கொடியைப் பறக்கவிட்டு, கோர்ன் அடித்துக்கொண்டு போயின. காரின் முன்சீற்றில் அண்ணை பெல்ற் போட்டு இருந்தார். கிறகரி யன்னலடியில் குனிந்தார்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். சென்-ஜானுக்கு அண்டைக்கு..."

அண்ணை அவரைக் கனிவாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் சென்-ஜானும் இல்லை, மண்டபமும் இல்லை, மணியும் இல்லை. கோர்ன் சத்தம் கேட்கக் கேட்க அவருடைய முகம் பரபரத்தது.

"என்ன வெளியிலை நிக்கிறாய்? வண்டி வெளிக்கிடப்போகுது. ஏறன்!"

"நான்..."

"ரிக்கற் இல்லையோ? பரவாயில்லை, நான் சொல்லுறன். ஏறு, ஏறு."

ஞானேந்திரன் ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி மற்றப் பக்கம் பார்த்தான்.

"நீங்கள் போங்கோ, அண்ணை. நான் பின்னாலை வாறன்" என்றார் கிறகரி.

"கட்டாயம்?"

"ஓம் அண்ணை. கட்டாயம்."

கார் லொறிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போய், முடக்கில் திரும்பியது. கிறகரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பக்கத்து லொறிக்காரன் சோபா ஒன்றின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு தனியே அவதிப்பட்டான். நடைபாதையில் வியர்வையோடு நின்ற இந்த மனிதரைக் கூலிக்கு வந்தவர் என்று நினைத்திருக்கவேண்டும். "மிஸ்யூ, மற்ற முனையை ஒருக்கால் பிடிக்கிறீரா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

கிறகரி போய்ப் பிடித்தார்.